வாரியத்தின் பஞ்சுத்திரி

“அப்பா, காதுல ஓட்டை இருந்தா நாங்க பேசுறதெல்லாம் அந்த வழியா கீழ கொட்டிடுமா?”

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், சூப்பில் மிதந்த தொர்தெல்லீனி என்ற குட்டி மாவுக் கொழுக்கட்டைகளைக் கரண்டியால் துரத்திக்கொண்டே நொயெமி கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. எர்மெஸ் மகளைப் பார்த்துச் சிரித்தார். கேள்வி அவர் காதில் விழவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவர் மனைவி ஃபெதோரா எழுந்து அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, அதே கேள்வியை உரக்கச் சொன்னாள்.

எர்மெஸ் கொஞ்சம் யோசித்தார். “கொட்டாது கண்ணு. வாசல்லயே நின்னுடும்.”

வேறு தொழிலாக இருந்தால் சமாளித்திருக்கலாம். எர்மெஸ் பாலாடைக்கட்டிக் கிடங்கில் தட்டிப் பார்ப்பவர். போ என்னும் நதியின் சமவெளியிலிருந்த அந்தக் கிடங்கில், கூரைவரை உயர்ந்த மர அடுக்குகளில், நாற்பது நாற்பது கிலோ வட்டுகள் ஓராண்டு கிடந்து முதிரும். ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு வட்டையும் சின்ன எஃகுச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் கேட்க வேண்டும். உள்ளே திடமாக இருந்தால் சத்தம் எங்கும் ஒரே மாதிரி வரும். பொள்ளலோ விரிசலோ இருந்தால் ஓரிடத்தில் சத்தம் தொய்யும். அந்தத் தொய்வு கண் சிமிட்டும் நேரம்கூட நிற்காது. வெட்டிப் பார்த்தால் வட்டு வீண். வெட்டாமல் அறியக் காதை விட்டால் வழியில்லை.

எர்மெஸின் இடக்காது சின்ன வயதில் அம்மை போட்டபோதே மந்தமாகிவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வலக்காதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. போன குளிர்காலத்தில் சளி பிடித்து, சீழ் கட்டி, அந்தக் காதின் செவிப்பறை கிழிந்து ஓட்டையாகிவிட்டது.

அந்த வட்டாரத்தில் செவித்திறன் உரிமம் இல்லாதவர் சுத்தியலைத் தொடக்கூடாது. உரிமம் தருவது மாகாணச் செவித்திறன் வாரியம். உரிமம் போனால் எர்மெஸுக்குக் கிடங்கில் வேலையில்லை. குடியிருந்த வீடும் கிடங்கு கொடுத்த வீடு.

கிடங்கில் தட்டிப் பார்க்கும் இன்னொருவர் நேரியோ. அறுபத்து மூன்று வயது. யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கெட்ட பெயர் எடுக்காதவர். எர்மெஸ் வாரியத்துக்குக் கிளம்பிய காலையில் அவர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“போ தம்பி, போ. காதுல ஓட்டையோட போறவன் அங்கேருந்து மண்டையில ஓட்டையோடதான் திரும்புவான்.”

வாரியக் கட்டடம் முழுக்கப் பளிங்கு. அங்கே வருகிறவர்கள் காது கேளாதவர்கள் என்பதால், அவர்களைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் எழாதவர், வரவில்லை என்று பதிவேட்டில் ஏறுவார். எழுந்து போனவரிடம் செயலாளர் பிஞ்ஞாத்தி அம்மாள், கூப்பிட்டது கேட்டதா என்று விசாரிப்பார். கேட்டது என்றால், குறை ஏதுமில்லாதவர் வாரியத்தின் நேரத்தை வீணாக்கினார் என்று எழுதிக்கொள்வார். கேட்கவில்லை என்றால், கேட்காதவர் எப்படி வந்து நிற்கிறார் என்பதற்கு இரண்டு பிரதிகளில் விளக்கம் கேட்பார். முப்பது ஆண்டுகளாக இந்த முறையில் ஒரு தவறும் நேர்ந்ததில்லை என்று சுவரில் ஒரு பித்தளைப் பலகை சொன்னது.

இருந்தும் அங்கே போனவர்களில் பலர் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள் என்றால், அதற்கு ஜீத்தா என்ற செவிலிதான் காரணம். காலையில் பெயர்ப் பட்டியலையும் முகங்களையும் மனத்தில் பதித்துக்கொள்வாள். பிறகு நாள் முழுக்க மருந்துத் தட்டோடு கூடத்தின் குறுக்கே நடப்பாள். ஒலிபெருக்கி கரகரக்கும்போது, கூப்பிடப்பட்டவரின் தோளில் அவள் முழங்கை தற்செயலாக இடிக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணால் கதவைக் காட்டுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் செய்யக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எர்மெஸும் தோளில் இடிபட்டு உள்ளே போனார். எப்படி வந்தார் என்பதற்கு விளக்கம் எழுதும்போது, கடவுள் கருணையால் என்று எழுதினார். பிஞ்ஞாத்தி அம்மாள் அதை அடித்துவிட்டு, சொந்தப் பொறுப்பில் என்று திருத்தினார்.

செவிச்சோதனைக்கென்று வாரியத்தில் வெளிச் சத்தம் நுழையாத அறை ஒன்று உண்டு. வாரியத் தலைவர் பேராசிரியர் அர்காஞ்செலி அதைத் தம் அலுவலகமாக வைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நோயாளிகள் கத்திப் பேசுகிறார்கள், அந்த இரைச்சல் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் சோதனைக் கருவியை மின்தூக்கிக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மேசையில் போட்டிருந்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எர்மெஸ் ஆறு முறை தூக்கினார். அதில் நான்கு காபி. ஆறும் அவர் கணக்கில் நல்ல பதில்களாகவே எழுதப்பட்டன.

ஆனாலும் ஓட்டை ஓட்டைதானே. காதுக்குப் பின்னால் கீறி, தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு சிறு துண்டெடுத்து, கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப் போட வேண்டும் என்று முடிவானது. அது நல்ல வைத்தியம். அதனால் மறுபடி காது கேட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பேராசிரியரின் கைகளும் நல்ல கைகள்தான் என்று ஜீத்தாவே சொன்னாள். அந்தக் கைகளுக்கு மேலே ஒரு வாய் இருந்ததுதான் சங்கடம்.

எர்மெஸின் செவிப்பறை பேராசிரியர் ஒட்டுப் போட்ட ஆயிரமாவது செவிப்பறை. அறுவை நாளன்று காலை அவர் மாணவர்களோடு கட்டிலருகே வந்தார். ஒரு மாணவி, ஒட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்குக் கேட்கிறது என்று கேட்டுவிட்டாள்.

“அம்மா, ஓட்டைதான் என் எதிரி. அதை நான் அடைக்கிறேன். அப்புறம் கேக்குதா கேக்கலையாங்கிறது நோயாளியோட சொந்த விஷயம். அதுல எட்டிப் பாக்குறது நாகரிகமில்ல.”

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அறுவை குறையில்லாமல் முடிந்தது. ஒட்டுப் போட்டதும் பேராசிரியர் நுண்ணோக்கி வழியாகச் செவிப்பறையைப் படம் எடுத்தார். படம் எடுத்த பிறகு, ஒட்டு நகராமலிருக்க, காதுத் துளை நிறைய மருந்தில் தோய்த்த பஞ்சுத்திரியைத் திணித்தார்கள். வழக்கமாகச் செய்வதுதான். மூன்று வாரம் கழித்துத் திரியை எடுத்துவிட வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் காது திறக்கும்.

எட்டாம் நாள் அந்தப் படம் தங்கமுலாம் சட்டத்துக்குள் வாரியக் கூடத்தில் தொங்கியது. அதே நாள், படத்தைப் பார்த்துச் சான்றிதழும் எழுதிவிட்டார்கள். செவிப்பறை முழுமை, ஆகவே செவித்திறன் முழுமை.

மூன்றாம் வார முடிவில் எர்மெஸ் சான்றிதழோடு பிஞ்ஞாத்தி அம்மாள் முன்னால் நின்றார். காதுக்குள் இன்னும் திரி இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி, இடக்காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“திரி வைக்கிறது அறுவைப் பிரிவுங்க. எடுக்கிறது புறநோயாளிப் பிரிவு. அங்க அடுத்த தேதி பதினாலு மாசம் கழிச்சு.”

மூன்று வாரத்தில் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கொடுத்த தாளிலேயே இருப்பதை எர்மெஸ் விரல் வைத்துக் காட்டினார்.

“அது மருத்துவ ரீதியா. நான் சொல்றது நிர்வாக ரீதியா.”

புகார் எங்கே சொல்வது என்று கேட்டார். புகார்கள் தொலைபேசியில் மட்டும் ஏற்கப்படும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். ஃபெதோரா அவருக்காகப் பேசியபோது, பாதிக்கப்பட்டவரே நேரடியாகக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. சான்றிதழ் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் சுத்தியலை எடுக்காவிட்டால் அது அறுவைக்கு இழுக்கு, உரிமம் ரத்து என்று ஒரு விதி. எர்மெஸ் கிடங்குக்குத் திரும்பினார். தட்டினார். தோட்டத்துக்கு அப்பால் யாரோ கம்பளத்தை உதறுவது போல ஏதோ கேட்டது. மணிக்கட்டில் தெரிந்த அதிர்வைக் கொண்டும், வட்டின் தோலைத் தடவியும், இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தைக் கொண்டும் ஒருவாறு ஊகித்தார். தேறியதாகத் தோன்றிய வட்டில் தம் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். நேரியோவின் சுண்ணக்கட்டி சிவப்பு. ஒருவர் தேறியது என்று குறித்த வட்டை இன்னொருவர் கழிக்க முடியாது. குறித்தவரே தம் நிறத்தில் பெருக்கல் குறி போட்டுக் கழிக்கலாம். அது அவர் பெயரில் ஒரு பிழை. அரையாண்டில் ஐந்து பிழைக்கு மேல் போனால் அவர் மறுபடி வாரியத்தின் முன்னால் நிற்க வேண்டும்.

எர்மெஸ் பக்தியுள்ள மனிதர். தெரியாததைத் தெரியும் என்று குறிப்பது பொய்ச் சாட்சி என்று அவருக்குத் தெரியும். இரவு ஜபமாலையை உருட்டும்போது ஒவ்வொரு மணியும் ஒரு வட்டாகக் கனத்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நேரியோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நேரியோ மூக்கைச் சொறிந்தார். “கேக்கலைன்னா மோந்து பாரு.” சொல்லிவிட்டுத் தம் ஏணியில் ஏறிக்கொண்டார்.

ஐந்தாம் வாரம் வாரியமே கிடங்குக்கு வந்தது. ஆயிரமாவது செவிப்பறை வேலை செய்வதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பேராசிரியர் ஆசைப்பட்டார். அடுக்குகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். எர்மெஸ் அவரைத் தனியே கூப்பிட்டு, திரி இன்னும் உள்ளேயே இருக்கிறது, கேட்கவில்லை என்று கெஞ்சினார். பேராசிரியர் அவர் தோளை அணைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இவருக்கு நன்றியில பேச்சு வரல. பரவாயில்ல, நானே பேசுறேன். ஒரு காலத்துல மக்களுக்குக் கேட்டுச்சு, ஆனா கேக்குதுன்னு சொல்ல ஒரு தாள் இல்ல. இன்னைக்கு எல்லார் கையிலயும் தாள் இருக்கு. எங்க வாரியம் வந்த பிறகு இந்த மாகாணத்துல ஒருத்தர்கூடச் செவிடு இல்ல. செவிடுன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க கோப்பெல்லாம் முடிச்சாச்சு. சில பேர் இன்னும் கேக்கலைன்னு சொல்றாங்க. நான் கேக்குறேன், அப்ப எங்க சான்றிதழ் பொய்யா? யோசிச்சுப் பாருங்க. ஒரு காது தப்பா இருக்கலாம். ஒரு வாரியம் எப்படித் தப்பா இருக்கும்?”

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. எர்மெஸ் கைகள் அசைவதை மட்டும் பார்த்தார். பிறகு தட்டச் சொன்னார்கள். இருபது வட்டுகளைத் தட்டினார். இருபதிலும் கம்பளத்தை உதறும் சத்தம்தான். ஒவ்வொன்றிலும் நீலக் கோடு போட்டபோது படம் எடுத்தார்கள். ஏழாவது வட்டைப் பேராசிரியர் தேர்ந்தெடுத்து, அதை அமைச்சருக்கு வாரியத்தின் பரிசாக அனுப்பப்போவதாக அறிவித்தார்.

அப்போது நேரியோ முன்னால் வந்தார். “அது அமைச்சர் மேசைக்குச் சின்னதுங்க. பாக்க வறுமையா இருக்கும்.” தாம் தட்டித் தேர்ந்த ஒரு பெரிய வட்டைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பேராசிரியருக்குப் பெரியது பிடித்திருந்தது. தன் வட்டை வேண்டுமென்றே மட்டம் தட்டிவிட்டான் கிழவன் என்று எர்மெஸுக்கு அன்று மனம் கசந்தது.

அடுத்த வாரம் அவர் மறுபடி வாரியத்துக்குப் போய், புறநோயாளிப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தார். தேதி முன்னதாகக் கிடைக்குமா என்று கேட்கத்தான். மூன்று முறை கூப்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஜீத்தாவின் முழங்கை இடித்தது. அவர் எழாமல், தம் வலக்காதைத் தொட்டுக் காட்டினார். ஜீத்தா குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகு அவள் கண் கதவைக் காட்டவில்லை. அவரை மருந்துகள் வைக்கும் சிற்றறைக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, இடுக்கியை எடுத்தாள். இருபது ஆண்டுகளில் எத்தனையோ திரி எடுத்த கை. வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்து, பொறுமையாக, நூலிழையாக இழுத்தாள். ஆறு வாரம் அடைத்துக்கிடந்தது, மருந்து மணத்தோடும் அழுக்கோடும் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்தது.

முதலில் கேட்டது சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். அப்புறம் ஜீத்தாவின் மூச்சு. அப்புறம் அடியில் எங்கேயோ கனத்த கதவு ஒன்று மூடிய தாழ்ந்த முழக்கம். ஓட்டை விழுந்ததிலிருந்து தாழ்ந்த சத்தங்களை அவர் மறந்தே போயிருந்தார். தம் குரலே தமக்கு வேறு யாரோ பேசுவது போலிருந்தது. நன்றி என்றார்.

“சத்தமா பேசாதீங்க,” என்றாள் ஜீத்தா. “உங்களுக்குத்தான் கேக்குதே.”

பத்தாம் நாள் வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. கோப்பின்படி எர்மெஸின் வலக்காதில் வாரியத்துக்குச் சொந்தமான பஞ்சுத்திரி ஒன்று இருக்கிறது. அது உரிய உத்தரவின்றி அகற்றப்பட்டதாக ஐயம் எழுந்துள்ளது. இருந்தால் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஃபெதோரா கடிதத்தைப் படித்துவிட்டு, மேசை ஆடாமலிருக்க அதன் ஒரு காலடியில் மடித்து வைத்தாள்.

காது நாளுக்கு நாள் தெளிந்தது. நொயெமி அடுத்த அறையில் பொம்மையைத் திட்டுவது கேட்டது. கிடங்கில் முதல் வட்டைத் தட்டிய காலையில், சத்தம் வட்டைச் சுற்றி ஓடி முழுசாகத் திரும்பி வந்தபோது, எர்மெஸ் சுத்தியலோடு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அன்றே, திரியோடு தட்டிய மூன்று வாரத்து வட்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் மறுபடி தட்டிக் கேட்பது என்று முடிவு செய்தார். பிழைகளைத் தம் பெயரில் ஒப்புக்கொள்வது, அப்புறம் கடவுள் விட்ட வழி.

ஆனால் பிழை கிடைக்கவில்லை. நீலக் கோடு போட்டவை எல்லாம் திடமாக ஒலித்தன. இவ்வளவு அதிர்ஷ்டம் யாருக்கும் இருக்காது. விழாவன்று தட்டிய இருபதைத் தேடிப் போனார். பத்தொன்பதில் நீலம். ஏழாவதைக் காணோம். கழித்த வட்டுகளை வைக்கும் பின் அடுக்கில் அது இருந்தது, அதன் எண்ணோடு. அதன் மேல் சிவப்புக் கோடு, அடியில் சிவப்புப் பெருக்கல் குறி. கிட்டத்தில் போய்ப் பார்த்தார். தோலின் சுருக்கத்துக்குள், துடைத்தும் போகாத நீலத் தூள். பக்கத்தில் இன்னும் பத்து வட்டுகள் அதே மாதிரி. எல்லாம் எர்மெஸ் தட்டிய வரிசைகளிலிருந்து எடுத்தவை.

அவர் கேளாதிருந்த வாரங்களில், அவருக்குப் பின்னாலேயே ஒவ்வொரு வட்டையும் நேரியோ மறுபடி தட்டி, பொள்ளலானவற்றில் நீலத்தைத் துடைத்துத் தம் சிவப்பைப் போட்டிருக்கிறார். பொள்ளல் வட்டு ஒன்றுகூட யார் வீட்டு மேசைக்கும் போகவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான்கே பிழை என்று பெருமையடித்துக்கொண்டிருந்த மனிதரின் பெயரில், இப்போது ஒரே அரையாண்டில் பதினொன்று.

எர்மெஸ் அவரைத் தேடிப் போனார். நேரியோ ஏணியின் உச்சியில் இருந்தார்.

“நேரியோ அண்ணே, பின் அடுக்குல இருக்கிறது...”

“வயசாச்சுடா. கை தப்பிப் போச்சு. ஏன், ஊருக்குச் சொல்லப் போறியா?”

“திங்கக்கிழமை கணக்கெடுக்க வர்றாங்க. பதினொண்ணுன்னா உங்கள வாரியத்துக்கு அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும். என் காதப் பாத்து அந்தப் பேராசிரியனுக்காவது புத்தி வரட்டும். கீழ நின்னு தூசியக் கிளப்பாம போ.”

பேச்சு சரளமாகத்தான் வந்தது. ஆனால் எதிரிலிருந்த வட்டைத் தட்டாமலே அவர் இறங்கியதை எர்மெஸ் பார்த்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு. அந்த வயதில், ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, மின்தூக்கிக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவே கையைத் தூக்கி, வெளியே முழுசாக வந்தவர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். லம்ப்ரூஸ்கோ ஒயின் புட்டிகள் திறக்கும் சத்தமும், யாரையோ நேரியோ கிண்டல் செய்வதும் தூரத்திலிருந்து கேட்டன. எர்மெஸ் ஈரத்துணியும் நீலச் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு பின் அடுக்குக்குப் போனார்.

முதல் வட்டின் சிவப்பைத் துடைத்தார். நீலக் கோடு போட்டார். அதன் அடியில் நீலப் பெருக்கல் குறி போட்டார். அடுத்ததற்கு நகர்ந்தார். அவசரப்படவில்லை. சிவப்பு துணியில் ஏறி, விரல் நகங்களுக்குள் போனது. திங்கட்கிழமை எண்ணுகிறவர் பதினொன்று என்று எழுதுவார். வாரியத்திலிருந்து கடிதம் வரும். சான்றிதழ், திரி, கோப்பு எல்லாம் எர்மெஸுக்கு முன்னால் ஒன்றுகூடும். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், எழுதியது வேறாக இருக்கும்.

பதினொன்றும் நீலமான பிறகு சுத்தியலை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை தட்டிக் கேட்டார். அமைச்சருக்குப் போயிருக்க வேண்டிய ஏழாவது வட்டில், வலது ஓரத்தில், சத்தம் இறங்கி ஒரு கணம் தொலைந்து மறுபடி வந்தது. தம் பிழை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் கேட்டது. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, துணியை வாளியில் அலசிப் பிழிந்து, நீர் தெளிவாகும்வரை மறுபடி மறுபடி அலசினார். பிறகு சாப்பிடப் போனார்.